அடுத்த அறையின் பலவீனம்

பெட்டி கனமாகத்தான் இருந்தது. ஆனால் கனத்தைக் கண்டு ஏமாறுகிற கட்டத்தை ஷியாமளா எப்போதோ தாண்டியிருந்தாள். அவள் இதுவரை திறந்து பார்த்த பெட்டிகளில் பாதி அட்டையும் காற்றுமாக இருந்தன. மீதிப் பாதி கனமாக இருந்தும் உள்ளே உயிர் இல்லாதவை. இந்தப் பெட்டியின் மூடியில் கரும்பச்சை நிறத்தில் ஆறு, அதிலிருந்து நீண்டு மேலே வரும் ஒரு கை. 'ஆற்றுக்கு அடியில்' என்று ஆங்கிலத்தில் தலைப்பு. அதற்குக் கீழே, ஜாதவ்பூரில் அவளோடு படித்த விவேக்கின் பெயர், தலைப்பைவிடச் சற்றே சின்ன எழுத்தில்.

"படிச்சுட்டுச் சொல்லு" என்றார் ஜெய்ராம்.

"படிச்செல்லாம் சொல்ல மாட்டேன் ஜெய்ராம்தா. ஆடிப் பாத்துட்டுத்தான்."

"தெரியும்மா. அதுக்குத்தானே ஒங்கிட்ட குடுக்கறேன்."

காளிகாட் மெட்ரோ நிலையத்திலிருந்து இரண்டு சந்து தள்ளி ஜெய்ராமின் கடை. பரீட்சை கைடுகள், படக்கதைகள், சதுரங்கப் பலகைகள், ஆண்டு முடிவில் காலண்டர்கள். அப்பா காலத்திலிருந்தே லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கிற குடும்பம் என்பதால் அவரை எல்லாரும் வங்காளி வழக்கப்படி அண்ணாவுக்கு 'தா' போட்டுத்தான் கூப்பிடுவார்கள், ஷியாமளாவை அக்காவுக்கு 'தி' போட்டு. கடையின் பின்பக்க அலமாரியில், வேறெங்கும் கிடைக்காத ஒரு சரக்கை அவர் வைத்திருந்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே ஆடுகிற ஆட்டத்துக்கான புத்தகங்களும் பெட்டிகளும். அந்த ஆட்டத்துக்குக் காயும் கிடையாது, கட்டமும் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நுழைந்து, நான் இதைச் செய்கிறேன், நான் இங்கே போகிறேன் என்பார்கள். சந்தேகம் வந்தால் பகடை தீர்த்து வைக்கும். நடத்துபவருக்கு ஓயாமல் மிருகங்கள் தேவைப்படும், பூதங்கள் தேவைப்படும். அவற்றை வகைவகையாகச் செய்து பெட்டியில் போட்டு விற்பதற்கென்றே வெளிநாட்டில் கம்பெனிகள் இருந்தன. இங்கே இதுவரை யாரும் செய்ததில்லை. விவேக் செய்திருக்கிறான்.

"எனக்கு இந்த பூதம் கீதமெல்லாம் புரியாது" என்றார் ஜெய்ராம். "நீ நன்னாயிருக்குன்னா அச்சுக்குப் போறது. இல்லேன்னா அவனையே எடுத்துண்டு போகச் சொல்லிடறேன். பாங்க் உத்தியோகத்தை விட்டுட்டு இதைக் கட்டிண்டு அழறான் பாவி. அதை நெனச்சுண்டு நீ பாட்டுக்குத் தயவு பண்ணிடாதே."

"நான் தயவு பண்ணி என்னிக்குப் பாத்திருக்கேள்?"

"அதான் ஒனக்கு ஃப்ரெண்ட்ஸே இல்லை" என்று சிரித்தார்.

அவளும் சிரித்தாள். அது உண்மை என்பது இருவருக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஜாதவ்பூரில் படித்துக்கொண்டிருந்த நாட்களில், யாருடைய அத்தை பிள்ளையோ அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒரே ஒரு புத்தகத்தை வளாக வாசலில் ஜெராக்ஸ் எடுத்து ஆரம்பித்த பழக்கம் இது. அப்போது அவர்களிடம் கைவசம் மிருகங்கள் குறைவு. ஆளாளுக்குத் தாமே செய்துகொண்டு வருவார்கள். வந்ததும் தகராறு ஆரம்பிக்கும். 'அது அப்படி இல்லடா, நான் நெனச்சது என்னன்னா' என்று எழுதினவன் ஒவ்வொரு வரிக்கும் வக்காலத்து வாங்குவான். அதனால் ஷியாமளா ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். மிருகத்தை எழுதியவர் மற்றவர்களோடு சாதாரண ஆட்டக்காரராக உட்கார வேண்டும்; அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. வேறொருவர் நடத்த வேண்டும். நடத்துபவர் தாளில் இருப்பதை இருக்கிறபடி நடத்த வேண்டும்; ஒரு வரி கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நாளைக்கு இது முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு மேசைக்குப் போகும். அங்கே வந்து விளக்கம் சொல்ல நீ இருக்க மாட்டாய் என்பாள். ஆடி முடித்த பிறகு மூன்றில் ஒரு சொல்தான் தீர்ப்பு. நிற்கும், தள்ளாடும், விழும்.

கூட்டம் கலைந்து, பாதிப் பேர் பெங்களூருக்கும் நியூ ஜெர்சிக்கும் போன பிறகும் இந்த மூன்று சொற்கள் மட்டும் கல்கத்தாவில் தங்கிவிட்டன. ஜெய்ராமின் கடையில் புதுப் பெட்டி வந்தால் வாடிக்கையாளர்கள் விலையைக் கேட்பதற்கு முன் 'ஷியாமளாதி என்ன சொன்னாங்க?' என்று கேட்டார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. பெஹாலா வீட்டில், மத்தியான வெயில் பால்கனித் துணிகளைத் தாண்டி உள்ளே விழுந்துகொண்டிருந்தபோது, பெட்டியை நிதானமாகப் பிரித்தாள். மிருகத்துக்கு ஒரு தாள். முன்பக்கம் படம், ஆட்டக்காரர்களுக்குத் தூக்கிக் காட்ட. பின்பக்கம் விவரம், நடத்துபவர் மட்டும் படிக்க. நல்ல ஏற்பாடுதான். தாளும் தடிமன்.

ஆனால் மிருகங்கள்! மீன் திருடும் பெண் பேய்கள், தலையில்லாதவர்கள், சணல் ஆலைக்குள் வாழும் நூற்றுக்கால் பிராணி, பல் முளைத்த டிராம். வங்காளத்தில் பிறந்த குழந்தைகூட அறிந்த பேய்களுக்கு நகமும் பலத்தைக் குறிக்கும் எண்ணும் ஒட்டவைத்திருந்தான். ஒரு மிருகத்தின் மதிப்பு அதன் பல்லில் இல்லை என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். எதிரே வந்தவனை அது என்ன செய்யத் தூண்டுகிறது என்பதில் இருக்கிறது. அடி, ஓடு என்பதைத் தவிர வேறு எதையும் இவை யாரிடமும் கேட்கவில்லை. பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். தள்ளாடும். தள்ளாடும். விழும். தள்ளாடும். ஆடிப் பார்த்துத்தான் சொல்வேன் என்ற வீறாப்பெல்லாம் பாதியிலேயே களைத்துப்போயிற்று.

பெட்டியின் அடியில் கிடந்த ஒரு தாளில் மிருகமே இல்லை. மூடிய கதவு ஒன்று. அதன் அடியில் கோடாக வெளிச்சம். பெயரை மட்டும் வங்காளத்தில் வைத்திருந்தான், 'பாஷேர் கோர்' என்று. அடுத்த அறை.

திருப்பினாள்.

'இதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பாதிக்கப்படுபவர் படுக்கும் அறைக்கு அடுத்த அறையில் இது வந்து தங்கும். மூச்சுவிடும். வேறெதுவும் செய்யாது. மூச்சு நீளும், தடுக்கும், நின்றுபோனது போலாகும், மறுபடி வரும். கேட்பவரால் கேட்காமலிருக்க முடியாது. அது நிற்கும்போதெல்லாம் தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு காத்திருக்கப் பழகிவிடுவார். களைத்துப்போய் ஒருநாள், நின்றுவிடட்டுமே என்று நினைப்பார். நினைத்த கணத்தில் அது நின்றுவிடும். அதன் பிறகு அது அடுத்த அறையில் இருக்காது. நினைத்தவரின் மார்புக்குள் இருக்கும்.'

பென்சில் தானாகவே ஓரத்தில் 'நிற்கும்' என்று எழுதிற்று. இந்தப் பெட்டிக்கு அவள் எழுதிய முதல் 'நிற்கும்' அது. எழுதி முடித்த பிறகுதான் அந்த வரிகளை மறுபடி படித்தாள்.

அந்த வரிசையை அவளால் பிறகு மன்னிக்க முடியவில்லை. முதலில் மெச்சினாள். அப்புறம்தான் அடையாளம் கண்டாள்.

அம்மாவுக்கு நுரையீரல் நோய். தொண்ணூற்றைந்து மழைக்காலம் முழுவதும் இதோ இந்த ஹாலை ஒட்டிய அறையில்தான் படுத்திருந்தாள். அப்பா துறைமுக அலுவலகத்திலிருந்து திரும்ப இருட்டிவிடும். அண்ணன் சென்னையில். ஷியாமளா ஹாலில் உட்கார்ந்து அந்த மூச்சைக் கேட்டாள். பகலெல்லாம் அதுதான் வேலை. அது நின்றால் இவளும் நிறுத்துவாள். வந்தால் இவளும் விடுவாள். ஒரு சாயங்காலம், அக்கம்பக்கத்து வீடுகளில் விளக்கேற்றிச் சங்கு ஊதுகிற நேரம், நின்றது. நிற்கட்டும், அப்படியே நிற்கட்டும் என்று அவள் நினைத்தாள். வாய்விட்டுக்கூடச் சொல்லவில்லை. சங்குச் சத்தம் ஓய்ந்த பிறகு கேட்டுப் பார்த்தாள். அடுத்த அறையில் எதுவும் இல்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை. அண்ணனிடம் சொல்லவில்லை. ஒரே ஒருவனிடம் சொன்னாள். ஜாதவ்பூர் ஸ்டேஷன் பெஞ்சில், ரயில்கள் வந்து வந்து போய்க்கொண்டிருக்க, "நெனச்சேன் விவேக். நெனச்சேன், நின்னுடுத்து" என்றாள். அவன் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நீ என்ன செய்வே பாவம் என்று சொல்லவில்லை. கையிலிருந்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உடைத்து அவள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தான். அதைவிட மேலாக ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு எதையும் செய்துவிட முடியாது என்று அவள் இத்தனை வருஷங்களாக நம்பிக்கொண்டிருந்தாள். அவன் வேறொருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டபோதுகூட அந்தப் பெஞ்சை நினைத்துக்கொண்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். அவனுடைய அந்த மௌனம் தனக்கு இருக்கிறது என்று தோன்றிற்று. அந்த மௌனத்தில் அவன் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான் என்று யாருக்குத் தெரியும்?

தாளின் கடைசியில், எல்லா மிருகங்களுக்கும் இருப்பதைப் போல, 'பலவீனம்' என்று ஒரு பகுதி. நடத்துபவர்கள் முதலில் தேடுவதே அதைத்தான். இதை எப்படி வெல்வது?

'நினைத்ததை நினைத்தவர் இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அது மார்பைவிட்டு நீங்கிவிடும்.'

ஷியாமளாவுக்குச் சிரிப்பு வந்தது. யாருமில்லாத ஹாலில் அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். விவேக், வழக்கப்படி வாய்ப்பூட்டோடு. ஜாதவ்பூரில் படிக்கும் தீப்தி. பாதுகாப்புத் துறைக் கணக்காளரின் பெண், மூன்று வயதில் கல்கத்தா வந்தவள், வங்காளத்தில் யோசித்துத் தமிழில் பேசுபவள். அவளோடு படிக்கும் அனிர்பன். தாள்களைக் கலைத்துப்போட்டு எடுக்கலாம் என்றிருந்தாள் ஷியாமளா. கடைசியில், கலைக்காமல், தானே மூன்றை எடுத்தாள், கதவைக் கடைசியாக வைத்து.

நூற்றுக்கால் பிராணியைக் கொன்றார்கள். பல் முளைத்த டிராமைத் தடம்புரட்டினார்கள். "இதுக்கு டிக்கெட் உண்டா ஷியாமளாதி?" என்று அனிர்பன் வங்காளத்தில் கேட்க, தீப்தி சிரித்து உருண்டாள். விவேக் சிரிக்கவில்லை. தன் டிராம் சிரிப்புக்கு இடமானதில் அவன் முகம் சற்று வாடிற்று. வழக்கம் வழக்கம்தான், வாயைத் திறக்கவில்லை.

ஷியாமளா கதவுப் படத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"சத்திரத்துல தங்கறேள். ராத்திரி. தீப்தி, ஒன் ஆளுக்கு மட்டும் தூக்கம் வரலை."

விவேக் சட்டென்று எழுந்தான். "ஒரு நிமிஷம். மிருகத்தைப் பத்தி ஒண்ணும் பேசலை. அந்த ரூம் கதவை மட்டும் சாத்திடட்டுமா? எஃபெக்டா இருக்கும்." பதிலுக்குக் காத்திராமல் போய்ச் சாத்திவிட்டு, ஹால் விளக்கையும் அணைத்தான். அறைக்குள் எரிந்த விளக்கின் வெளிச்சம் கதவுக்கடியில் கோடாகத் தெரிந்தது. தன் படம் அப்படியே உண்மையாகிவிட்டதைப் பார்த்துக் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அந்தக் கதவைச் சாத்துகிறோம் என்ற எண்ணமே அவனிடம் இல்லை. ஏதோ ஒரு கதவைச் சாத்தினான். அம்மா போன அன்று அந்த வாசற்படியில் நின்றுகொண்டிருந்தவன்.

"மூச்சு சத்தம் கேக்கறது" என்றாள் ஷியாமளா. தாளில் 'நடத்துபவர் மூச்சுவிட்டுக் காட்டவும்' என்றிருந்தது. எழுதியதை எழுதியபடி. விட்டுக் காட்டினாள்.

அது இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. உள்ளே இழுக்கும்போது அடியில் கரகரக்கும் அந்த ஈரம், பாதியில் இடறும் அந்தப் படி, பிறகு ஒன்றுமில்லாமல் போகும் அந்தப் பள்ளம். உடம்பு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, எல்லாவற்றையும் வைத்திருந்தது. தீப்தி சிரிப்பதை நிறுத்தினாள். அனிர்பன் கையிலிருந்த பகடையை மேசைமேல் மெதுவாக வைத்தான்.

"கதவைத் திறக்கறேன்" என்றாள் தீப்தி.

"உள்ளே யாரும் இல்லை. கதவைச் சாத்தினா மறுபடி கேக்கறது."

"காதைப் பொத்திக்கறேன்."

"பொத்திண்டாலும் எப்போ நிக்கும்னு தெரியறது."

மறுபடி மூச்சு. மறுபடி பள்ளம். தீப்தி தன்னை அறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததை ஷியாமளா பார்த்தாள். இந்தச் சின்னப் பெண்ணின் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன.

"ஏ மா! போதும், ஷியாமளாதி. நிறுத்துங்க. சரி, நிக்கட்டும்னு நினைக்கறேன். நிக்கட்டும்!"

ஷியாமளா நிறுத்தினாள். ஹாலில் மின்விசிறி மட்டும் சுற்றிற்று. பிறகு, தாளில் உள்ளபடி, நீட்டிய விரலால் தீப்தியின் மார்பைச் சுட்டிக்காட்டினாள்.

"பாபா ரே" என்றான் அனிர்பன், மிகவும் மெதுவாக.

இதற்காகத்தான் இந்த ஆட்டமே. எத்தனையோ பெட்டிகளைத் திறந்து, எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்து அவள் தேடிக்கொண்டிருந்தது இந்த ஒரு நிமிஷத்தை. கிடைத்துவிட்டது. அவள் வீட்டிலேயே, அந்தக் கதவுக்கு வெளியிலேயே.

அப்புறம் அனிர்பன் யோசனை சொன்னான். யாரிடமாவது சொல்லிப் பார்க்கலாமே? தீப்தியின் பாத்திரம் அனிர்பனின் பாத்திரத்திடம், மேசைக்கு அந்தப்பக்கம் பார்த்து, "நான்தான் நிக்கட்டும்னு நினைச்சேன்" என்றது. எல்லாரும் ஷியாமளாவைப் பார்த்தார்கள். விவேக்கின் கண்கள் அவளைத் தள்ளின. சொல்லேன், சொல்லேன் என்றன.

அவள் தாளைப் பார்த்தாள். ஒரு வரி கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சட்டம் போட்டவளே அவள்தான்.

"நீங்கிடுத்து" என்றாள்.

"அவ்ளோதானா?" தீப்தியின் தோள் இறங்கிவிட்டது. "இவ்ளோ பயமுறுத்திட்டு, கடைசில ஏதோ டாக்டர்கிட்ட போய் மருந்து வாங்கின மாதிரி ஆயிடுச்சு. நாக்கைக் காட்டு, சரியாயிடுச்சு, போ!"

விவேக் உதட்டைக் கடித்துக்கொண்டான். ஷியாமளா விளக்கைப் போட்டாள்.

பிள்ளைகள் போன பிறகு அவனோடு டிராம் டெப்போவரை நடந்தாள். வாய்ப்பூட்டு விலகிவிட்டதால் அவன் பேசிக்கொண்டே வந்தான். டிராமைச் சரிபண்ணிவிடலாம். நூற்றுக்கால் பிராணிக்குக் கால்கள் அதிகம். "ஆனா கதவு? கதவு எப்படி? பசங்க மூஞ்சியைப் பாத்தியா?"

"பாத்தேன்." தெருவோரம் பெயர்ந்து கிடந்த ஒரு கல்லைத் தாண்டிவிட்டுக் கேட்டாள். "அது எங்கேர்ந்து வந்தது ஒனக்கு?"

"அதுவா?" அவன் உண்மையாகவே யோசித்தான். அதுதான் அவளைக் கொன்றது. ஒளிக்கிறவன் முகமாக இருந்திருந்தால் அவளுக்கு ஒரு எதிரியாவது கிடைத்திருப்பான். "சின்ன வயசுல டாலிகஞ்ச்ல பெரியப்பா ஆத்துல இருந்தோம். பக்கத்து ரூம்ல ஒரு கிழவர் இருமிண்டே இருப்பார். அதுவா இருக்கும். இல்லே, கனவா? ஒருநாள் உக்காந்தேன், கடகடன்னு வந்துடுத்து. ஒரு வரிகூட அடிச்சுத் திருத்தலை தெரியுமா?"

"திருத்தாமலேவா."

"யாரோ காதுல சொல்லி எழுதின மாதிரி."

அவள் இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். தனக்கா அவனுக்கா என்று தெரியவில்லை. "எங்கம்மா போனப்போ நீ வந்திருந்தே இல்லே?"

"வராம? அன்னிக்கு என்ன மழை! நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. நான் எங்காத்துல போய்ச் சொன்னேன், ஷியாமளா மாதிரி ஒரு ஸ்ட்ராங்கான பொண்ணைப் பாத்ததே இல்லைன்னு." ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டான். பிறகு தலையை வெளியே நீட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "நாளைக்கு ஜெய்ராம்தாகிட்ட என்ன சொல்லுவேன்னு கேக்க மாட்டேன். ஆனா இது அச்சுக்குப் போகலைன்னா எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லை. தெரியுமோல்லியோ?"

தெரியும். திரும்பி நடக்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். அந்த ஒரு தாளை எடுத்துவிட்டால் பெட்டி ஒன்றுமில்லை. விழும் என்று ஒரு சொல் சொன்னால் போதும். யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. தீப்தி சொன்ன டாக்டர் கேலியே சாட்சி. அவளுடைய சாயங்காலம் அவளிடமே திரும்பி வந்துவிடும். அவன் அதை அறியாமலே செய்தான் என்பதால் மட்டும் அது அவனுடையதாகிவிடுமா? திருடியிருந்தால் எடுத்ததன் மதிப்பாவது அவனுக்குத் தெரிந்திருக்கும். இவன் மறந்திருந்தான். அவள் தன்னிடமிருந்த ஒரே பொருளை ஒருவனிடம் கொடுத்து வைத்திருந்தாள்; அவன் அதைத் தரையில் கண்டெடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அழித்துவிடலாம் என்றுதான் தீர்மானித்தாள். காபி போட்டுக் குடித்தாள். அலுவலகத்துக்கு வேண்டிய புடவையை எடுத்து வைத்தாள். ஆனால் அதற்கு நடுவிலெல்லாம் வேறொன்று அரித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பலவீனம். சொன்னால் நீங்கிவிடுமாம். பெஞ்சில் உட்கார்ந்து கடலை உடைத்தவனுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது. அவள் சொன்னாள், அவன் கேட்டான், அத்தோடு அது முடிந்துபோயிற்று. அது முடியவில்லை என்பது ஒருத்திக்குத்தான் தெரியும். இவ்வளவு சரியாக எழுதப்பட்ட ஒன்று கடைசி வரியில் பொய் சொல்லிக்கொண்டு நிற்பதை நினைக்க நினைக்க அவளுக்குப் பொறுக்கவில்லை. தாள் அச்சாகிவிடுமோ என்ற கவலையைவிட, தப்பாக அச்சாகிவிடுமோ என்ற கவலை பெரிதாக இருந்தது. அதைக் கண்டுகொண்டபோது தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இது நேர்மையா? இல்லை. பெற்றவளின் கர்வம். குறையோடு பிறந்ததை ஊருக்குக் காட்டக் கூசுகிற கர்வம்.

திங்கட்கிழமை சாயங்காலம் கடையில் விவேக் முன்னதாகவே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ஜெய்ராம் கைடு கேட்டு வந்த ஒரு பையனை அனுப்பிவிட்டுத் திரும்பினார்.

"சொல்லும்மா. நிக்குமா, விழுமா?"

"பாதிக்குமேல தள்ளாடறது. சிலது விழறது, அதையெல்லாம் எடுத்துடலாம். ஒண்ணு நிக்கும். அந்த ஒண்ணுக்காக வாங்குவா." அவள் கதவுத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். "ஆனா இதுல ஒரு வரியை மாத்தணும்."

விவேக்கின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததைப் பார்த்தாள். "எந்த வரி?"

"பலவீனம்."

"அதாண்டி அதோட அழகே! தீப்தி சொன்னாங்கறதுக்காக..."

"தீப்தி சொன்னதுக்காக இல்லை. சொன்னா அது போகாது."

"பின்னே எப்படிப் போகும்?"

"போகாது."

"நன்னாயிருக்கு. பலவீனமே இல்லாம ஒரு மிருகமா? ஆடறவா எப்படி ஜெயிப்பா?"

"ஜெயிக்க மாட்டா." தன் குரல் சாதாரணமாக இருப்பது அவளுக்கே வியப்பாக இருந்தது. ஏதோ எண்ணைத் திருத்துகிற குரல். "சொல்லத் தோணும். சொல்லாம இருக்க முடியாது. ஒருத்தர்கிட்ட சொல்லுவா. சொன்ன அன்னிக்கு லேசா இருக்கும், போயிடுத்துன்னு நெனச்சுப்பா. போகலை. கேட்டவன் மறந்துடுவான். அவன் மறக்க மறக்க அது அவளுக்குள்ள வளரும். ஏன்னா அப்புறம் ரெண்டாவது ஆள்கிட்ட சொல்ல அவளால முடியாது."

ஜெய்ராம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். விவேக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் எதையோ தேடிப் பின்னால் போவது போலிருந்தது. இதோ, என்று அவள் நினைத்தாள். இதோ. அவளுடைய மூச்சு தானாக நின்றது.

"திருப்பிச் சொல்லு" என்றான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டிருந்தான். "திருப்பிச் சொல்லு, திருப்பிச் சொல்லு! கேட்டவன் மறந்துடுவான்... அதுக்கு மேல? மெதுவா."

அவள் மெதுவாகச் சொன்னாள். அவன் கை ஓட நேரம் கொடுத்து, ஒவ்வொரு வரியாக, நிறுத்தி நிறுத்தி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தன்னிடம் மிச்சமிருந்ததும் போகிறது என்று தெரிந்தது. நடுவில் ஒரு சொல் சரியில்லை என்று தோன்றவே, அதையும் திருத்தினாள்.

"எப்படிடி ஒனக்கு இதெல்லாம் தோணறது?" என்றான் எழுதி முடித்து. "இதுக்கு நீ எழுதியிருக்கணும், நான் இல்லை. ஜெய்ராம்தா, உள்ளட்டையில ஷியாமளா பேரைப் போடணும். சோதித்துப் பார்த்தவர்னு."

"பேரெல்லாம் வேண்டாம்."

"அப்போ ப்ரெஸ்ஸுக்குச் சொல்லிடட்டுமா?" என்றார் ஜெய்ராம்.

"சொல்லுங்கோ."

விவேக் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினான். நன்றாகத்தான் படித்தான். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினான். அவள் 'அவளுக்கு', 'அவளால' என்று சொன்ன இடத்திலெல்லாம், மற்றத் தாள்களில் இருப்பதைப் போல, 'பாதிக்கப்பட்டவர்' என்று மாற்றியிருந்தான். படித்துவிட்டு, சரியா என்று நிமிர்ந்து பார்த்தான்.

"சரியா இருக்கு" என்றாள் ஷியாமளா. "நிக்கும்."